மூளிக் காது

காது குத்த வேண்டுமென்றால் எங்கள் சந்தில் எல்லோரும் சாக்தா அக்கா வீட்டுக்குத்தான் போவோம். சாக்தா என்பது அவள் பிறந்த குடும்பத்தின் பெயர். எங்களில் கல்யாணமான பெண்களை அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவளுடைய சொந்தப் பெயர் அவள் புருஷன் சபிந்துவுக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ. அரண்மனையின் வடக்கு வாசலைத் தாண்டி, மேளக் கோபுரத்துக்குப் போகிற வழியில் இருந்தது எங்கள் சந்து. அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பரம்பரையாக அரண்மனைக்கு ஊழியம் செய்கிற மஞ்சுக் குடும்பத்துக்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு விளக்குக் கிடங்கில் வேலை. எதிர்வீட்டு சபிந்துவுக்குப் பனிக்கட்டிக் கிடங்கில்.

சீனத்துப் பெண்களுக்குக் காதுக்கு ஒரு துளைதான். எங்களுக்குக் காதுக்கு மூன்று. 'அவளுக பாதத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டு காதை விட்டுட்டாளுக, நாம பாதத்தை விட்டுட்டு காதைப் புடிச்சுக்கிட்டோம்' என்று பக்கத்து வீட்டு பூச்சா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சாக்தா அக்கா குளிர்காலம் தொடங்கிய பிறகுதான் காது குத்துவாள். குழந்தையை முற்றத்தில் உட்கார வைத்து, காதுச் சோணைக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு பச்சைப்பயறு வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டிக்கொண்டே இருப்பாள். சோணை மெலிந்து காகிதம் மாதிரி ஆகி, மரத்துப்போன பிறகு நல்லெண்ணெயில் ஊறிய சிவப்புப் பட்டு நூலோடு ஊசி போய்விடும். பிள்ளை அழ ஆரம்பிப்பதற்குள் மூன்று நூலும் முடிச்சாகியிருக்கும். குத்துவது பெரிய காரியமில்லை என்பாள் அவள். மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், கீழ்த்துளை சோணையின் ஓரத்துக்கு இறங்கிவிடக் கூடாது, அதில்தான் எல்லாம் இருக்கிறது. நூல் பழகியதும் தேயிலைக் காம்பு. காம்பு பழகியதும் மெல்லிய வெள்ளிக் கம்பி. அப்புறம்தான் வளையம்.

வளையம் ஏறியதோடு வேலை முடியாது. தினமும் காலையில் வெந்நீர்த் துணியால் ஒற்றி, வளையத்தைச் சுற்றிவிட வேண்டும். படுக்கும்போது கழற்றிக் காம்பைச் செருக வேண்டும், இல்லாவிட்டால் தலையணையில் மாட்டி இழுக்கும். பாரம் கூடியதைக் கீழேயும் லேசானதை மேலேயும் போட வேண்டும். நடக்கும்போது மூன்றும் சேர்ந்து ஆட வேண்டுமே தவிர ஒன்றையொன்று இடித்துக்கொள்ளக் கூடாது. கடுங்குளிரில் வெளியே போகிற பெண்களுக்கு, உலோகம் பட்டுச் சதை வெந்துபோகாமல் இருக்க, ஆட்டுக்கொழுப்பு தடவி அனுப்புவாள். அசட்டையாக விட்டவர்களை அவள் சும்மா விடமாட்டாள். பூச்சாவின் மருமகளுக்கு ஒரு தடவை மேல்துளையில் சீழ் வைத்தபோது, "மூக்கு ஒழுகினா தொடைக்கிறல்ல? இது மட்டும் ஒன் காது இல்லியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நிச்சுகே. இளையவள் இல்கா.

எங்கள் குடும்பங்களில் பெண்ணுக்குப் பதிமூன்று வயது ஆனால் அரண்மனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வரிசையில் நிற்க வைத்துப் பார்ப்பார்கள். பல், தோல், நடை, காது. காதுக்கு மூன்று வளையம் இல்லாவிட்டால் தகப்பனுக்குத்தான் கேள்வி வரும். பிடித்துப்போன பெண்கள் உள்ளேயே பணிப்பெண்ணாகத் தங்கிவிடுவார்கள். இருபத்தைந்து வயதில் வெளியே விடுவார்கள். காட்டாமல் ஒளித்து வைத்த வீட்டுக்கு மானியத் தானியம் நின்றுபோகும், பிரம்படியும் உண்டு.

நிச்சுகே அரண்மனைக்குப் போன வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தன் கல்யாணத்து முலாம் வளையங்களை அக்கா சாம்பல் போட்டுத் தேய்த்து மகளுக்குப் போட்டு அனுப்பினாள். சந்தே வாசலில் நின்று பார்த்தது. அக்கா அழவில்லை. "வயிறார சோறு போடுவாங்க. பட்டு கட்டலாம்" என்று எங்களிடம் சொன்னாள். அப்படித்தான் எல்லோரும் சொல்வோம். உள்ளே போய்த் திரும்பாத பெண்களைப் பற்றியும் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பேசுவதில்லை.

ஆண்டுக்கு ஓரிரு தடவை, அவர்கள் சொல்கிற நாளில், வடக்கு வாசலின் சிறு கதவருகே நின்று மகளைப் பார்க்கலாம். நடுவில் மரக்கிராதி இருக்கும். என் நாத்தனார் மகளும் உள்ளே இருந்ததால், இல்காவின் முறைக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் நானும் அக்காவோடு போயிருந்தேன். சபிந்துவுக்கு அன்று கிடங்கில் வேலை. அக்கா எள்ளுருண்டை செய்து துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

நிச்சுகே உயர்ந்திருந்தாள். நல்ல துணிதான் கட்டியிருந்தாள். ஆனால் வந்ததிலிருந்து முகத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு பேசினாள். பின்னலை இடது தோளுக்கு முன்னால் போட்டு, காதை மறைத்த மாதிரி முடியை இழுத்து விட்டிருந்தாள். எங்களுக்கு என்ன தெரியும், உள்ளே இப்போது இதுதான் பாணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"தலையத் திருப்புடி" என்றாள் அக்கா.

நிச்சுகே திரும்பாமலே, இல்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"இல்கா இருக்கட்டும். நீ திரும்பு."

திரும்பினாள். இடது சோணை இரண்டாகப் பிளந்து, பாம்பின் நாக்கு மாதிரி ஆறியிருந்தது. கீழ்த்துளை இருந்த இடமே இல்லை. மேலே மிச்சமிருந்த இரண்டு துளைகளில் இரண்டு வளையங்கள் ஆடிக்கொண்டிருந்தன. அக்கா கிராதியைப் பிடித்தபடி நின்றாள். அவள் குத்திய காது அது.

"தெரைச்சீலைக் கொக்கியில மாட்டிக்கிச்சும்மா" என்றாள் நிச்சுகே.

"காதைப் பாத்தா எனக்குத் தெரியாதா? கொக்கியில மாட்டினா பக்கவாட்டுல கிழியும். இது முன்னாலேருந்து ஒருத்தர் விரல விட்டு இழுத்தது."

நிச்சுகே காவல்காரனைப் பார்த்தாள். அவன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். "தேத்தண்ணி சூடா இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "நான் ஊழியம் பண்ற அம்மணி கைய நீட்டினாங்க. அவ்வளவுதான். அப்பாகிட்ட சொல்லிராதம்மா. அவரு இங்க வந்து ஏதாவது பேசிருவாரு. எல்லாரையும் தொலைச்சிருவாங்க."

அதற்கு மேல் அவளை நிற்கவிடவில்லை. எள்ளுருண்டை மூட்டை எங்களோடேயே திரும்பி வந்தது. வழியெல்லாம் நான் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். சந்துக்குள் நுழையும் முன் அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள், யாரிடமும் வாய் திறக்காதே என்று. நான் திறக்கவில்லை.

வீட்டில் இல்கா காத்திருந்தாள். புத்தாண்டு கழிந்ததும் அவள் முறை. அவள் அதற்காகப் பறந்துகொண்டிருந்தாள். முற்றத்துச் செங்கல் வரிசை மீது குதிகால் சத்தம் வராமல் நடந்து பழகுவாள். வளையங்களைத் தவிட்டில் போட்டு உருட்டி மினுக்குவாள். வலது காதுக்கு எதைப் போட்டால் இடது காதுக்கு எது சேரும் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் குனிந்து முகம் பார்ப்பாள். அரண்மனையில் முத்து வைத்த வளையம் தருவார்களாம், அக்கா சொன்னாளாம் என்று ஆரம்பிப்பாள். நிச்சுகே அப்படி எதுவும் சொன்னதில்லை.

"அக்கா எப்படி இருந்தா சித்தி? என்ன போட்டிருந்தா?" என்று என்னைக் கேட்டாள். நீலப் பட்டு என்றேன். அது உண்மைதான்.

குளிர் இறுகியது. அரண்மனை ஏரியில் பனி ஒரு முழத்துக்குக் கெட்டிப்பட்டதும் சபிந்துவுக்குப் பகல் முழுக்க வேலை. வைக்கோல் திணித்த தோல் செருப்போடு பனிமேல் நின்று, கடப்பாரையால் கோடு போட்டு, பாளம் பாளமாக அறுத்துக் கொக்கியால் இழுத்துக் கரையேற்றி, கோடைக்காகக் கிடங்கில் அடுக்க வேண்டும். சாயங்காலம் அவன் வரும்போது மீசையில் பனி தொங்கும். கைவிரல் கணுக்கள் வெடித்து ரத்தம் கசியும். கம்பளிக்குள் ஒரு சின்னப் பனித்துண்டு கொண்டுவருவான், இல்காவுக்கு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதைக் கடித்துத் தின்னப் பிடிக்கும்.

அன்று காலை நான் என் முற்றத்தில் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடியைக் கிளறிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் ஒரு அலறல். ஒன்றே ஒன்றுதான். பிறகு சத்தமே இல்லை. அதுதான் என்னை ஓட வைத்தது.

பஞ்சு வைத்துத் தைத்த கதவுத்திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். இல்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையால் இடது காதைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கிடையே வழிந்த ரத்தம் முழங்கை வரை வந்து அங்கியின் மடிப்பில் தேங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. அம்மாவைப் பார்த்தபடியே இருந்தாள். சாக்தா அக்கா அடுப்போரம் நின்றாள். மூடிய உள்ளங்கையிலிருந்து ஒரு வளையத்தின் ஓரம் தெரிந்தது.

"தெரைச்சீலைக் கொக்கியில மாட்டிக்கிச்சு" என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

இதே சொற்களை இதற்கு முன்னால் எங்கே கேட்டேன் என்பது ஒரு மூச்சுக்குள் நினைவு வந்துவிட்டது. படுக்கை மேடை மேல் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் பாதி கரைந்த பனித்துண்டு. பக்கத்தில் நல்லெண்ணெய், சுத்தமான துணி, பட்டு நூல், எல்லாம் எடுத்து வைத்து ஆயத்தமாக இருந்தது. சாம்பலும் துணியும் வைத்து நான்தான் கட்டினேன். அக்கா உதவிக்குக் கை நீட்டியபோது பெண் சுவரோரம் ஒண்டிக்கொண்டாள்.

பின்னால் ஒரு நாள் அவளே என்னிடம் சொன்னாள். "பனிக்கட்டிய வச்சு அழுத்தினாங்க சித்தி. குளிருதும்மான்னேன். கொஞ்சம் பொறுத்துக்கோன்னாங்க. எண்ணெ போடத்தான் போறாங்கன்னு நெனச்சேன்."

சந்தில் செய்தி பரவியது. வந்து பார்த்தவர்கள் வாயில் கை வைத்தார்கள். ஊருக்கெல்லாம் காதைப் பார்த்துக்கொள்கிறவள் வீட்டிலேயே இப்படியா என்றார்கள். 'மருத்துவச்சி பிள்ளைக்குத்தான் வாயுத் தொந்தரவு' என்று பூச்சா ஆரம்பித்தாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் எங்கள் பிரிவின் அதிகாரி தெக்ஜின் வந்தார். பெண்களைக் கணக்கு எடுத்து அனுப்புகிற பொறுப்பு அவருடையது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெண் குறைந்தால் அவர் முதுகுக்குத்தான் பிரம்பு. கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு முகம் சுளித்தார். பிறகு கதவுத்திரையிடம் போய் அதன் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். கொக்கி அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"பொண்ணு தவழ்ந்துக்கிட்டா வெளிய போச்சு?" என்று கேட்டார்.

சபிந்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்குப் போகாமல் நின்றிருந்தான். அவன் மனைவியைப் பார்த்தான். சாக்தா அக்கா தரையைப் பார்த்தாள்.

"ஒங்கம்மாவைக் கேக்கல. நீ சொல்லு" என்றார் தெக்ஜின் இல்காவிடம். "எப்படிக் கிழிஞ்சுது?"

அந்தப் பெண்ணின் வாயில் அன்றைக்கு அந்தக் குடும்பத்து நான்கு பேர் உயிரும் இருந்தது. அவளுக்கு அது தெரிந்ததா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போக வேண்டும் என்று கனாக் கண்டவள். அவளுடைய எல்லாவற்றையும் ஒரு இழுப்பில் இல்லாமல் செய்தவள் எதிரில் நிற்கிறாள். ஏன் செய்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிட்டால் யார் அவளைக் குறை சொல்ல முடியும்?

"கணப்புச் சட்டி தூக்கிட்டுக் குனிஞ்சு போனேன்" என்றாள் இல்கா. "கை ரெண்டும் அதுல இருந்துச்சு. கொக்கி மாட்டினது தெரியல. நிமிந்துட்டேன்."

தெக்ஜின் இன்னொரு தடவை கொக்கியைப் பார்த்தார். பிறகு, மூளிக் காது அரண்மனைக்கு ஆகாது, அப்படியே எழுதிக்கொள்கிறேன், ஆனால் நேரில் ஒரு தடவை காட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புத்தாண்டு கழிந்து கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒரு பார்வையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதிகாரியின் காலடி ஓசை மறைந்ததும் அக்கா மகளிடம் போனாள். கட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். இல்கா எழுந்து அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து அம்மாவோடு அவளுக்குப் பேச்சில்லை. கஞ்சி வைத்தால் குடிப்பாள். வேலை சொன்னால் செய்வாள். வாய் திறக்கமாட்டாள். காதைத் தொடவும் விடமாட்டாள்.

காது பழுத்தது. வீங்கி, மேல்துளைகளிலும் சீழ் கோத்துக்கொண்டது. கைதேர்ந்தவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள், தொட முடியவில்லை. கடைசியில் சபிந்துதான் உட்கார்ந்தான். வெடித்த விரல்களில் கொழுப்பைத் தடவி மெதுவாக்கிக்கொண்டு, மகள் தலையைத் தன் தொடைமேல் வைத்து, வெந்நீர்த் துணியால் ஒற்றுவான். அக்கா சமையல் மூலையிலிருந்து சுவரைப் பார்த்துச் சொல்வாள். துணிய அழுத்தாதீங்க. அடியிலேருந்து மேல போங்க. மேல்தொளையில காம்பு வைங்க, இல்லேன்னா தூந்துபோகும். பாறை மாதிரிக் கை அவனுக்கு. அந்தக் கையால் தேயிலைக் காம்பைச் செருகுவான். பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

அவன் முட்டாள் இல்லை. ஒரு சாயங்காலம், வந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். வைக்கோலில் இருந்த பனி கரைந்து படியெல்லாம் தண்ணீர். நான் தவிடு திருப்பிக் கொடுக்கப் போனவள், உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் நின்றேன். பெண் கிணற்றடியில் இருந்தாள்.

"நீதானே?" என்றான் மனைவியிடம்.

அவள் ஆமாம் என்றாள். பிறகு, இலையுதிர் காலத்தில் வாசலில் பார்த்ததை முழுக்கச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் முகத்தில் ரத்தம் செத்துப்போனது. கையை ஓங்குவான் என்று நினைத்தேன். அரண்மனைப் பக்கம் ஓடுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"பெரியவளுக்கு எந்தக் காது?"

"இடது."

அவன் எழுந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, மகளுக்குக் காது கழுவ வெந்நீர் கொண்டுவரச் சொன்னான். இல்காவிடம் அவனும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வசந்தத்தில் நிச்சுகேயைப் பார்க்க மறுபடி நாள் குறித்தார்கள். நானும் வருவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இல்கா எங்களோடு கிளம்பினாள். காது ஆறியிருந்தது. வலது காதில் மூன்று, இடது காதில் இரண்டு போட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் புழுதிக் காற்று. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் எனக்கு அந்தப் பக்கமாக, அம்மாவை விட்டுத் தள்ளியே நடந்தாள்.

நிச்சுகே வந்தாள். இந்தத் தடவை அவள் காதை மறைக்கவில்லை. தங்கை வந்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. கிராதிக்கு அந்தப் பக்கம் இரண்டாகப் பிளந்த இடது காது. இந்தப் பக்கம் இரண்டாகப் பிளந்த இடது காது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருவரும் நின்றார்கள். இல்கா தன் காதைத் தொட்டுக்கொண்டாள். அப்படியே தலை திருப்பி, அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அம்மாவை நேராகப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒனக்கு யாருடி பண்ணது?" என்றாள் நிச்சுகே.

சாக்தா அக்காதான் சொன்னாள், நான் என்று. ஒன்னப் பாத்துட்டுப் போயி நான்தான் செஞ்சேன், இவளாவது வீட்டுல இருக்கட்டும்னு. சொல்லும்போது அவள் குரலில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. இதைக் கேட்டால் புரிந்துகொள்ளக்கூடியவள் உலகத்தில் மூத்தவள் ஒருத்திதான் என்று அவள் நம்பியிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நிச்சுகே தங்கையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏம்மா செய்யல?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"ஒன் கல்யாண வளையத்தத் தேச்சுப் போட்டு அனுப்பினியே. அன்னைக்கு இந்தக் கை எங்க போச்சு?"

"அப்ப எனக்குத் தெரியாதுடி கண்ணு."

"தெரியும்" என்றாள் நிச்சுகே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒனக்கும் தெரியும். சித்திக்கும் தெரியும். சந்துல எல்லாருக்கும் தெரியும்."

எனக்குத் தலை நிமிரவில்லை. காவல்காரன் கூப்பிட்டான். அவள் திரும்பிப் போனாள். உள்ளே பணிப்பெண்கள் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி, குதிகால் சத்தம் வராமல்.

புழுதிக்குள் மூன்று பேரும் திரும்பி நடந்தோம். அக்காவின் காலடி அவளுடையதாகவே இல்லை. இரண்டு தடவை வண்டிப் பாதையில் போய் நின்றாள், நான்தான் இழுத்துக்கொண்டேன். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் அவர்கள் வீட்டுக்குள் போனேன். சபிந்து மாவு பிசைந்து சேமியா இழுத்து, வெங்காயத்தாளும் முட்டையும் போட்டு வதக்கி வைத்திருந்தான். கிண்ணங்களில் ஆவி பறந்தது.

"பெரியவ எப்படி இருக்கா? என்ன சொன்னா?" என்று மனைவியைக் கேட்டான்.

சாக்தா அக்கா மேடை ஓரத்தில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு தடவை கேட்டான். அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான்.

"நல்லா இருக்காப்பா" என்றாள் இல்கா. "ஒங்களத்தான் கேட்டா. குளிருல கை வெடிச்சுச்சான்னு கேட்டா."

அவன் முகம் இளகியது. அவள் ஒரு கிண்ணத்தில் சேமியாவை எடுத்துப் போட்டு, முட்டையை மேலே வைத்து, அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அக்கா அசையவில்லை. பெண் சாப்பாட்டுக் குச்சியை எடுத்து அம்மாவின் விரல்களுக்குள் வைத்து மூடினாள்.

"சாப்புடும்மா" என்றாள். "ஆறுது."